டூலா: கூட இருப்பவர் தன் ஆசையை எங்கே வைப்பது?

கேள்வி இது: “மனைவிக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அதே வீட்டில் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் டூலா என்று ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஊசி போடமாட்டார், பரிசோதிக்கமாட்டார், முடிவும் சொல்லமாட்டார் என்றால் அவர் எதற்கு? எந்த நெறியை வைத்து வேலை செய்கிறார்?”

தம்பி, டூலா என்றால் பிரசவத்திலோ சாவிலோ கடைசி வரை கூடவே இருந்து துணை செய்பவர். கோவை, ஈரோடு பக்கம் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். முதலில் பிரசவத்துக்குத்தான் போனேன். பிறகு சாகக் கிடப்பவர்கள் பக்கத்திலும் உட்காரத் தொடங்கினேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குப் புரியவே நாலைந்து வருடம் ஆனது.

நெறி என்று பயிற்சியில் பல சொல்வார்கள். வீட்டு விஷயத்தை வெளியே பேசக் கூடாது, கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், போக முடியாவிட்டால் மாற்று ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எல்லாம் தேவைதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்பவை இரண்டே நெறிகள் என்று நினைக்கிறேன். ஒன்று, எழுந்து போகாமல் இருப்பது. மற்றது, இந்தப் பிரசவம் இப்படித்தான் நடக்க வேண்டும், இந்தச் சாவு இப்படித்தான் அமைய வேண்டும் என்று தன் மனதில் இருக்கும் ஆசையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவது. முதலாவது உடம்புக்குக் கஷ்டம், பழகிவிடும். இரண்டாவது எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

எழுந்து போகாமல் இருப்பதில் அப்படி என்ன இருக்கிறது? குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனை. 1970களில் அங்கே வலியோடு வரும் பெண்கள் உறவினர் யாரும் இல்லாமல் தனியாகத்தான் கிடப்பார்கள். ஜான் கென்னெல், மார்ஷல் கிளாஸ் என்ற இரு குழந்தை மருத்துவர்களும் உடன் வேலை செய்தவர்களும் சிலருக்கு மட்டும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முன்பின் அறியாத பெண். பேசுவாள், முதுகைத் தேய்த்துவிடுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். 1980இல் முடிவு வெளிவந்தது. சிக்கல் இல்லாமல் பிரசவித்தவர்கள் ஒவ்வொரு பக்கமும் 20 பேர் வேண்டும் என்று கணக்கு. துணை இருந்த பக்கம் 33 பேரைச் சேர்த்ததில் அந்த 20 பேர் கிடைத்துவிட்டார்கள். துணை இல்லாத பக்கம் 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இருபது இருபது பேரை ஒப்பிட்டால்கூட, சேர்ந்த நேரத்திலிருந்து குழந்தை பிறக்கும் வரை ஒரு பக்கம் சராசரி 8.8 மணி நேரம், மறுபக்கம் 19.3 மணி நேரம்.

அது சின்ன ஆய்வு. 1991இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 600க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துத் திரும்பச் செய்தார்கள். டூலா இருந்தவர்களில் சிசேரியன் 8 சதவீதம். யாரும் இல்லாதவர்களில் 18. நடுவில் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. அந்த அறையில் ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். தொடவில்லை, பேசவில்லை. அங்கே சிசேரியன் 13 சதவீதம். என்னை இந்த வேலைக்கு இழுத்தது அந்த 13தான். ஒரு மனுஷி அறையை விட்டுப் போகாமல் இருந்தாள், அதற்கே அவ்வளவு.

குவாத்தமாலா கணக்கைக் காட்டி உங்கள் மனைவிக்கும் பத்து மணி நேரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளை மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் ஒன்றாகத் தொகுத்தது. அதில் வலி நேரம் சராசரியாக 40 நிமிடம் போலத்தான் குறைந்தது. சிசேரியனும் குறைந்தது, பிரசவத்தை நினைத்தாலே கசப்பு என்று சொன்ன பெண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், அந்தப் பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றது. ‘தானே தேர்ந்தெடுக்கும்’ என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இனி, மருத்துவம் செய்யமாட்டார் என்பது. ரத்த அழுத்தம் பார்க்க, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இருந்தும் டூலா அவற்றைத் தொடக் கூடாது. உள்பரிசோதனை கூடவே கூடாது. காரணம் சட்டம் மட்டும் இல்லை. பிரசவ அறையில் எல்லோரும் ஏதாவது ஓர் இயந்திரத்தையோ காகிதத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். நானும் அதையே பார்த்தால் அவள் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. இன்னொன்று, என் கையில் கருவி இருந்தால் குடும்பம் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் என்னைக் கேட்கும். ஒருமுறை நள்ளிரவில் போன் வந்தது. “அக்கா, பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுங்க. தண்ணி பச்சையா போகுது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்றீங்களா?” பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். “நான் வரமாட்டேன் கண்ணு. இப்பவே வண்டியை எடுங்க, நான் நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கு வர்றேன்” என்றேன். நான் போய்ப் பார்த்திருந்தால் அரை மணி நேரம் வீணாகியிருக்கும்.

டூலா என்றாலே வீட்டுப் பிரசவம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் இறந்த செய்திக்குப் பிறகு அந்தப் பயம் நியாயமானதுதான். டூலா பிரசவம் பார்ப்பவர் அல்ல. ‘நானே பார்த்துவிடுவேன்’ என்று சொல்கிறவர் டூலாவே அல்ல, விலகிவிடுங்கள்.

இரண்டாவது நெறியை நான் தவறவிட்ட கதை ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் விளங்கும்.

தலைப்பிரசவம். தனியார் மருத்துவமனை. நார்மலாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். வலி முழுக்க முதுகில். இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தினால் அந்த வலி கொஞ்சம் தணியும். ஒவ்வொரு வலிக்கும் அழுத்த வேண்டும், வலி இறங்கும் வரை கையை எடுக்கக் கூடாது. “இன்னும் கீழ... அங்கதான்... எடுத்தறாதீங்க அக்கா.” பதினாறு மணி நேரம். கட்டிலைப் பிடித்து நின்றாள், நடந்தாள், தரையில் மண்டியிட்டு என் மடியில் தலை சாய்த்தாள். வலிக்கு வலி நடுவில் இரண்டு நிமிடம் தூங்கினாள். என் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். வலி வரும்போது குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபத்து என்று சொல்லவில்லை, ஆனால் ரொம்ப நேரம் காத்திருக்க விருப்பமில்லை என்றார். புருஷன், மாமியார், அம்மா மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இங்கே டூலா செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அவளுக்குப் பதிலாகப் பேசக் கூடாது. அவள் பேச இடம் ஏற்படுத்தித் தரலாம். “நீ டாக்டர்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா அம்மிணி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அறை அமைதியானது. அவளே கேட்டாள்: “இன்னும் ஒரு மணி நேரம் பாத்தா என்னாகும் டாக்டர்?” அவர் பொறுமையாகச் சொன்னார். இவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வலியைக் கடந்தாள். பிறகு, “ஆபரேஷனே பண்ணிருங்க. என்னால ஆகல” என்றாள். “சரி கண்ணு” என்றேன். தியேட்டர் கதவு வரைக்கும் கையை விடவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

நாற்பது நாள் கழித்துப் பார்க்கப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, நான் ஆபரேஷன்னு சொன்னப்ப உங்க மொகம் ஒரு நிமிசம் வாடிருச்சு. மயக்க ஊசி போடறப்பக்கூட அதான் கண்ணுல நின்னுச்சு. தப்புப் பண்ணிட்டனோன்னு.”

நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. அந்த எண்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. அந்தக் கோபத்தை எழுதலாம், கூட்டத்தில் பேசலாம். ஆனால் அந்த விடியற்காலையில் அந்தக் கட்டிலில் கிடந்தவள் என் கோபத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியவள் அல்லவே. அன்றிலிருந்து ஒவ்வொரு பிரசவத்துக்கும் கிளம்பும்போது வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, அவள் எபிடூரல் (முதுகில் போடும் வலி மரக்கும் ஊசி) கேட்டால், சிசேரியன் கேட்டால், புட்டிப்பால் கேட்டால் என் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்கிறேன்.

‘இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்ததுதானே’ என்பார்கள் பெரியவர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, கூட அத்தை, பாட்டி, ஊர் மருத்துவச்சி என்று இருந்தது உண்மை. பச்சை உடம்புக்காரியை எழுந்து வேலை செய்யவிடாமல், பத்தியமும் லேகியமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டில் யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் தள்ளி வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள் வளைகாப்பில் வளையல் போடக் கூடாது. எனக்குக் குழந்தை இல்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாட்டி, “உனக்கு எத்தன புள்ள சாமி?” என்று கேட்டார். இல்லை என்றதும் பேத்தியின் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணே உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பெற்றவளுக்குத்தான் வலி தெரியும் என்ற எண்ணம் அரசு வழிகாட்டுதலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலிருந்தே பிரசவத் துணைத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசு 2016இல் நாடு முழுக்க அனுமதித்தபோது, துணையாக வருபவர் பெண் உறவினராக, முடிந்தால் பிரசவ அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றது. மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரும் வரலாம் என்றது நல்ல விஷயம். அனுபவம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தன் பிரசவக் கதையை அடுத்தவள் மேல் ஏற்றுவதும் பெரும்பாலும் பெற்றவர்கள்தான். “நான் மூணு பெத்தேன், ஒரு சத்தம் போடல” என்று வலியில் இருப்பவளிடம் சொல்லும் சித்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டூலா என்ற சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரேக்கத்தில் அது பணிப்பெண்ணை, அடிமைப் பெண்ணைக் குறிக்கும் சொல். டேனா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில், பெற்ற தாய்க்குத் துணை நிற்கும் பெண் என்ற பொருளில் அதை எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடிமை என்ற பொருள் உறுத்துவதால் இந்தச் சொல்லைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். தொட்டுக் கழுவும் வேலை அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது. கூலி தானியமாக அளந்து போடப்பட்டது. அவள் கை வேண்டும், வீட்டுக்குள் அவள் உட்காரக் கூடாது. அந்த வரலாற்றை நினைத்துத்தான் நான் கட்டணத்தை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும், எந்தச் சாதி, எந்த மதம், கல்யாணம் ஆனதா ஆகாததா என்று பார்க்காமல் ஒரே மாதிரி கையைப் பிடிப்பதும் அதனால்தான். குழந்தை இறந்து பிறந்தாலும் நான் முழு நேரமும் இருப்பேன் என்பதையும் அன்றே சொல்லிவிடுவேன். அப்படி மூன்று முறை இருந்திருக்கிறேன்.

இனி உங்கள் அப்பா.

பிரசவ டூலாக்களின் பயிற்சியைப் பார்த்து, இதை இறப்பவர்களுக்கும் செய்யலாமே என்று நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் 2003இல் ஒரு திட்டம் தொடங்கினார். மேற்கில் ‘மரண டூலா’ பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. நமக்கு அதைவிடப் பக்கத்து உதாரணம் கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரணச் சேவை, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்துக்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போய் உட்காரும் அமைப்பாக வளர்ந்தது. டூலா என்று யாரும் பெயர் வைத்துக்கொள்ளவில்லை, வேலை அதேதான்.

இங்கே ஓர் ஒழுங்கு உண்டு, அதை மாற்றிவிடாதீர்கள். முதலில் வலி. வலியைக் குறைக்கத் தெரிந்த டாக்டரும், வீட்டுக்கு வரும் நர்ஸும் கிடைத்த பிறகுதான் டூலா. வலியில் துடிப்பவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து என்ன பயன்? மார்ஃபினை எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பது அவர்கள் சொல்வது, கொடுப்பது நீங்கள். ‘இன்னும் எத்தனை நாள்’ என்று என்னிடம் கேட்பார்கள். சொல்லமாட்டேன்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், விவசாயி. சாப்பாடு நின்றுவிட்டது. மருமகள் கிண்ணத்தில் ராகிக் கஞ்சியோடு நின்று, “ஒரு வாய் மாமா, ஒரே ஒரு வாய்” என்று அழுகிறாள். அவர் விழுங்க முடியாமல் இருமுகிறார். உடம்பு விடைபெறும்போது பசி முதலில் போகும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணின் காதில் அது விழவில்லை. ‘ஊட்டாதே’ என்று நான் கிண்ணத்தைப் பிடுங்கினால் அவள் கை வெறுமையாகிவிடும். கொஞ்சம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவள் கையில் கொடுத்தேன். உதட்டில் ஒற்றி எடுத்தாள். அவர் உதட்டைச் சப்புக்கொட்டினார். அவள் அழுகை நின்றது. கடைசி மூன்று நாளும் அந்தப் பஞ்சை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. மூச்சு நின்று நின்று வரும், பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம் என்பதையும் முன்னாலேயே மகனிடம் சொல்லி வைத்திருந்தோம்.

அதே வீட்டில் நான் இன்னொரு தப்பும் செய்யப் பார்த்தேன். பெரியவருக்கு அமைதி வேண்டும் என்று நானாக முடிவு செய்து, உள்ளறையைச் சுத்தம் செய்து, விளக்கேற்றி, பிள்ளைகளை வெளியே அனுப்பி வைத்திருந்தேன். இரண்டு நாள் அப்படி ஓடியது. மூன்றாம் நாள் காலை அவர் கையைக் கதவுப் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தார். காற்று வேண்டுமா, தண்ணீரா என்று கேட்டோம். கடைசியில் பேரன்தான் கண்டுபிடித்தான். கட்டிலை ஹாலுக்குத் தூக்கிப் போடச் சொல்கிறார்! டிவி ஓட, பிள்ளைகள் ரிமோட்டுக்குச் சண்டை போட, தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்து “என்னங்க கவுண்டரே” என்று கேட்க, அங்கேதான் அவருக்கு நிம்மதி வந்தது. விளக்கும் அமைதியும் என் ஆசை. என் சாவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

அப்பா தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தால் ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். டூலா அந்தப் பேச்சைத் தொடங்க உதவுவார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லித்தரமாட்டார்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், பிரசவத்துக்கும் அப்பாவுக்கும் ஒரே ஆள் வேண்டாம். இரண்டும் ஒரே இரவில் வரலாம். மருத்துவமனையில் எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்று இப்போதே கேளுங்கள். ஒருவர்தான் என்றால், அந்த ஒருவர் உங்கள் மாமியாராகவோ நீங்களாகவோ இருக்கலாம்; அப்போது காசு கொடுத்து ஆள் தேட வேண்டியதே இல்லை, முதுகை எங்கே அழுத்துவது என்று கற்றுக்கொண்டால் போதும். டூலாவைச் சந்திக்கும்போது மனைவியையே பேசவிடுங்கள். “எனக்கு வலி தாங்கலன்னு எபிடூரல் கேட்டா என்ன சொல்வீங்க?” என்று அவர் கேட்கட்டும். பதிலைவிட முகத்தைப் பாருங்கள்.

உங்கள் கேள்வியைத் திரும்பவும் படித்தேன். டூலா வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று இருக்கிறது. மனைவி என்ன சொன்னார், அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. இரண்டு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆள் தேட நானும் உதவுகிறேன்.